வாத்துக்கு நாமம் போட்ட கோடை

கொட்டகையில் எதைத் தொட்டாலும் கறுப்புத் தூள் ஒட்டுகிறது. மூக்கைச் சிந்தினால் அதுவும் கறுப்பு. வாரக்கணக்காகக் கார்க் பலகையை அறுத்து, அராவி, தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு ஆறு வாத்துகள்; பறந்து வருகிற நிஜ வாத்துகளை ஏமாற்றி இறங்கவைக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் போலிகள். இன்று ஆகஸ்ட் 24. செப்டம்பர் முதல் தேதி விடியலில் பிளாக்வாட்டர் கழிமுகத்துச் சதுப்பில் நீர்ப்பறவை வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் இந்த ஆறும் மிதக்க வேண்டும். மிதந்தால் மட்டும் போதாது, நிமிர்ந்து மிதக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எசெக்ஸ். உப்புக்குப் பேர்போன மால்டன் ஊரைத் தாண்டினால் பிளாக்வாட்டர் ஆறு அகன்று கடலாகிவிடும். கரையோரம் நெடுக மண் போட்டு உயர்த்திய மேடு. மேட்டுக்கு உள்ளே வயல். வெளியே ஓதம், அதாவது தினமும் ஏறி வற்றும் கடல்நீர், ஏறினால் முங்கி, வற்றினால் தலைகாட்டும் உப்புச் சதுப்பு. இந்தப் பக்கத்து ஆட்கள் அதை ‘சால்டிங்ஸ்’ என்பார்கள். சதுப்பை ஆயிரம் ஓடைகள் கிழித்துக்கொண்டு போகின்றன. மேலிருந்து பார்த்தால் இலை நரம்பு மாதிரி இருக்கும். உள்ளே நடந்து போகிறவனுக்கு அப்படியெல்லாம் தெரியாது. இடுப்பளவு சேறும், அடுத்த ஓடையைத் தாண்ட முடியுமா என்ற யோசனையும்தான்.

எனக்கு இது இரண்டாவது பருவம். வேட்டைக்காரர் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவனைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அனுபவசாலி ஒருவருடன் சில தடவை போய்வர வேண்டும். எனக்கு வாய்த்தவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இங்கே அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன். நேரில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இந்த ஊர் வழக்கம் அது. இங்கே வந்து இருபது வருடமாகியும் அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு கூசுகிறது.

பருவத்தின் கணக்கு இதுதான். இங்கிலாந்தில் வாத்துக்கும் வேட்டைக்கு அனுமதியுள்ள பெருவாத்துக்கும் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே, அதாவது கடல் தொடும் நிலத்தில் மட்டும், பிப்ரவரி 20 வரை நீளும். அந்த இருபது நாளுக்காகவே கடலோர வேட்டைக்காரர்கள் உள்நாட்டுக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் மீசையை முறுக்குவார்கள். நிலம் உறைந்து அந்தக் குளிர் இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் அரசே வேட்டையை நிறுத்திவைக்கும். பட்டினியில் இருக்கும் பறவையை விரட்டக் கூடாது என்பதற்காக.

சரி, கார்க்குக்கு வருவோம்.

போன வருடம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாத்துகளோடு போனேன். ஆறு வாங்கினேன், நாலுதான் திரும்பி வந்தன. ஜனவரியில் ஒரு நாள் கயிற்று முடிச்சு அவிழ்ந்து இரண்டு ஓதத்தோடு போய்விட்டன. உயிருள்ள வாத்தைப் பிடிக்க வந்தவன் பிளாஸ்டிக் வாத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சங்கத்தில் கோடையில் ஒரு நாள் எல்லோரும் கூடிக் கரையில் ஒதுங்கிய குப்பையைப் பொறுக்குவோம். அன்று என் வாத்து எங்காவது கிடைத்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம், கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த நாலும் ஒன்றும் சிலாக்கியமில்லை. கீழ்வானம் வெளுக்கும்போது ஈரம் பட்டு அவற்றின் முதுகு பளபளவென்று மின்னும். வாத்தின் இறகு மின்னாது. வருகிற பறவைகள் கிட்டே வந்து, ஒரு வட்டமடித்து, விலகிப் போவதை நாலைந்து தடவை பார்த்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பருவம் முடிந்ததும் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய், உத்தரத்தில் தொங்கிய பழைய கார்க் வாத்துகளைக் காட்டினார். அவர் அப்பா செய்தவை.

இந்த மாதிரி போலிப் பறவைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று ரொம்ப நாள் தேடினேன். நம் பழந்தமிழில் இதற்குப் ‘பார்வை’ என்று பெயர். மானைப் பிடிக்கப் பழக்கி நிறுத்தும் மான் பார்வை மான். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எனவே இனி பார்வை வாத்து.

வாங்கியது கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் பதிக்கும் கருங்கார்க் பலகை, 50 மில்லிமீட்டர் கனம். இரண்டை ஒட்டினால் பத்து சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும், ஒரு வாத்து உடம்புக்குச் சரியான அளவு. 33 சென்டிமீட்டர் நீளம், 16 அகலம் என்று அட்டையில் மேலிருந்து ஒரு வடிவம், பக்கவாட்டில் ஒரு வடிவம் வெட்டிக்கொண்டேன். உண்மையான பறவையைவிட இது ஒரு பிடி தடிமன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் பெருக்கித்தான் செய்வார்கள்.

ஒட்டுவதில் முதல் அடி வாங்கினேன். ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கும் வகைப் பசையைப் போட்டு, இரண்டு இறுக்கியால் பிடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பசை பொங்கி, மேல் பலகையை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டிருந்தது. கார்க் வழுக்கும் என்று யோசிக்கவே இல்லை. இரண்டாவது ஜோடியிலிருந்து மூங்கில் பல்குச்சிகளை நாலு மூலையிலும் ஆணி மாதிரி குத்திவிட்டு ஒட்டினேன். நகரவில்லை.

அறுக்க மரவாள் வேண்டாம். பழைய ரொட்டிக் கத்தியே வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறது. பிறகு முரட்டு அரம், அப்புறம் உப்புத்தாள். கருங்கார்க்கில் ஒரு தொல்லை, ஓரங்கள் உதிரும். முதல் வாத்தின் வாலை அழகாகக் கூர்மையாக்கி, மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வால் தரையில் கிடந்தது. நான் தொடக்கூட இல்லை, தன் கனத்திலேயே முறிந்திருக்கிறது. பெரியவரின் வாத்துகளில் வால் ஏன் மெல்லிய ஒட்டுப்பலகையில் செருகியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு கார்க் பலகைக்கும் நடுவே, ஒட்டும்போதே, வால் வடிவில் வெட்டிய ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை வைத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு செருகுவதென்றால் காடி வெட்ட வேண்டும். மூன்று வாத்துக்கு அப்படித்தான் செய்தேன், கை நொந்தது.

தலை பைன் மரம். பழைய புத்தக அலமாரியின் ஒரு தட்டு. கார்க்கில் கழுத்து நிற்காது, முறிந்துவிடும். தலையைச் செதுக்குவதுதான் இந்த வேலையிலேயே சுகமான பகுதி. அவசரப்படாமல் செய்தேன்; ஒரு தலைக்கு இரண்டு மாலை நேரம் ஆனது. முதல் தலையைச் செய்து பொருத்தியதும் எனக்கே பெருமையாக இருந்தது: கழுத்தை நீட்டி, கம்பீரமாக, ராஜா மாதிரி. புகைப்படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். “இது எதையோ பார்த்துப் பயந்திருக்கிறதே” என்று பதில் வந்தது.

அவர் சொன்னது நிஜம். தண்ணீரில் நிம்மதியாக இருக்கும் வாத்து கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். கழுத்து நீண்டால் அபாயம் என்று பொருள், அடுத்த நொடி பறக்கப் போகிறது. மேலே பறந்து வருகிற கூட்டத்துக்கு அந்த ஒரு நீண்ட கழுத்து போதும். இறங்காமலே போய்விடும். கழுத்தில் மூன்று சென்டிமீட்டரை அறுத்து எடுத்தேன். அடுத்தடுத்த தலைகளில் இரண்டைத் தோளுக்குள் புதைந்த மாதிரி, ஒன்றை முதுகுப் பக்கம் திருப்பித் தூங்குகிற மாதிரி செய்தேன். தூங்குகிற தலையின் அலகை எங்கே முடிப்பது என்று தெரியாமல் ஒரு தலை விறகானது. ஞாயிற்றுக்கிழமை மால்டன் நீர்க்கரையில் ரொட்டிக்கு அலையும் வாத்துகளை இரண்டு மணி நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் கைக்கு வந்தது. இத்தனை வருடம் வாத்தைப் பார்த்திருக்கிறேன், அது தூங்கும்போது அலகு எந்த இறகுக்குள் போகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

அடுத்து, நிமிர்ந்து நிற்கும் பிரச்சினை. வாத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு மரத்துண்டு, படகின் அடிக்கட்டை மாதிரி. 25 சென்டிமீட்டர் நீளம், நாலு ஆழம். அதில் கனம் வைத்தால் காற்றில் கவிழ்ந்தாலும் தானே எழுந்துகொள்ளும். பழைய ஆட்கள் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. இங்கிலாந்தில் 1999 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. வாத்து இரையை அரைக்கச் சிறு கல் விழுங்கும்; சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று விழுங்கும்; மெல்ல விஷமேறிச் சாகும். கட்டியாக ஈயம் வைத்தால் வாத்து விழுங்கப் போவதில்லை, சட்டமும் கேட்காது. ஆனாலும் துப்பாக்கியில் தவிர்த்ததைப் பொம்மையில் வைப்பானேன் என்று துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைக் கட்டையில் துளையிட்டுச் செருகி எப்பாக்ஸி ஊற்றி மூடினேன். ஒரு வாத்துக்கு 120 கிராம்.

குளியல் தொட்டியில் சோதனை. முதல் வாத்து இறங்கியதும் மரியாதையாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. இரண்டாவது நின்றது, விரலால் தள்ளினால் கவிழ்ந்து, கவிழ்ந்தபடியே கிடந்தது. எஃகு ஈயத்தைவிட லேசு, அதே கனத்துக்கு அதிக இடம் பிடிக்கும், அதனால் கனம் முழுவதும் அடியில் போய் உட்காராமல் மேலேறிவிடுகிறது என்ற எளிய விஷயம் எனக்கு உறைக்க ஒரு முழு மாலை ஆனது. அதற்குள் மகள் கதவைத் திறந்து, தொட்டி ஓரம் முழங்காலிட்டு மூன்று வாத்துகளோடு மல்லுக்கட்டும் என்னைப் பார்த்து, “அப்பா, உங்களுக்கு நாப்பத்தாறு வயசு” என்று நினைவூட்டிவிட்டுப் போனாள்.

தீர்வு: போல்ட்டைக் கட்டையின் நடுவில் வைக்காமல் அடிவிளிம்பில் படுக்கவைத்தேன், கனத்தை 180 கிராம் ஆக்கினேன், ஒருக்களித்த வாத்தின் வயிற்றை ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் சீவினேன். இப்போது ஆறையும் தலைகீழாகப் போட்டாலும் எழுந்துகொள்கின்றன. கடல் நீரில் இன்னும் ஒரு நூலளவு உயர்ந்து மிதக்கும், பரவாயில்லை.

கார்க்கின் துளைகளை அடைக்க, இத்தனை நாள் சேர்த்த கறுப்புத் தூளையே மரப்பசையில் குழைத்துப் பூசினேன். காய்ந்த பிறகு இரண்டு பூச்சு ஆளிவிதை எண்ணெய். இது காய ஒரு வாரமாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

வண்ணம் பற்றிச் சொல்வதற்கு முன் பறவையைச் சொல்ல வேண்டும். நான் செய்தது விஜன் வாத்து. ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா பக்கமிருந்து குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இந்தக் கழிமுகங்களுக்கு வரும். ஆண் பறவைக்குச் செம்பழுப்புத் தலை. நெற்றியிலிருந்து உச்சி வரை இளமஞ்சளில் ஒரு பட்டை. தமிழ்நாட்டுக்கும் வலசை வருகிற பறவைதான். நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் நாமத்தலை வாத்து. இந்தப் பெயரைக் கேட்ட பிறகு அந்தப் பறவையை வேறு மாதிரி பார்க்கவே முடியாது. தென்கலையா வடகலையா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பளபளப்பு கூடாது என்பதால் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் மங்கல் வண்ணத்தில் மாதிரிக் குப்பிகளாக வாங்கினேன். சின்னக் குப்பி, ஆறு நிறம். மார்புக்கு இளஞ்சிவப்புச் சாயல், விலாவுக்குச் சாம்பல், வயிறு வெள்ளை, வாலடி கறுப்பு, அலகு நீலச்சாம்பல் நுனியில் கறுப்பு. விலாவில் மெல்லிய அலைக் கோடுகள் இருக்கும். அதைத் தூரிகையால் போடப் போனால் ஆயுசு போதாது. வெளிர்சாம்பல் மேல் கருஞ்சாம்பலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் சீப்பால் லேசாக அலை அலையாக இழுத்தால் வந்துவிடுகிறது. மகளின் சீப்பு. புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நாமத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, ஏனோ குளிக்கவேண்டும் போல் இருந்தது, உட்கார்ந்து மூன்று தலைக்கும் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, “ஊரையே ஏமாத்தறதுக்கு நாமம் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க நிஜமாவே போடறீங்க” என்றாள். பார்வை வாத்தின் வேலையே அதுதானே, மறுக்க முடியவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் பேசும்போது வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798 வாக்கில் பறவைகளை யாரும் தொடக் கூடாது என்று கவுல், அதாவது எழுத்தில் உத்தரவு, வாங்கினார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் கொடுத்தது. பள்ளியில் எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது இந்தக் கதையைச் சொல்லித்தான் மரத்தடியில் பேசாமல் உட்காரவைத்தார்கள். அம்மா இதெல்லாம் ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. “வேடந்தாங்கல் பக்கத்துல பொறந்துட்டு, அந்த வெள்ளைக்காரன் ஊர்ல போய்ப் பறவை சுடறியா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

என்னிடம் சரியான பதில் கிடையாது. வேடந்தாங்கலில் நான் சுட மாட்டேன். சட்டம் தடுப்பதால் மட்டுமல்ல. இங்கே கடையில் வாங்கும் கோழி எப்படி வாழ்ந்து எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. சதுப்பில் எடுக்கும் வாத்தை எனக்குத் தெரியும். போன பருவம் முழுக்க எனக்குக் கிடைத்தது ஏழு வாத்து. ஏழும் மிளகு வறுவலாகி எங்கள் வீட்டுத் தட்டுக்கே வந்தன. பதினாறு தடவை போய்வந்ததற்கு ஏழு. மற்ற நாட்களில் ஈரமும் பார்வையும்தான் கிடைத்தன. இதைச் சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ளப் போவதில்லை. சொல்லவில்லை.

போன வாரம் பெரியவர் வாத்துகளைப் பார்க்க வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஒட்டுப்பலகை வாலைப் பார்த்துத் தலையாட்டினார். நாமம் போட்ட மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. நவம்பருக்கு எடுத்து வை” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார். ஆண் வாத்துகள் கோடையில் இறகை உதிர்க்கும். அந்தச் சமயம் சில வாரங்கள் பறக்கக்கூட முடியாது. வண்ணம் எல்லாம் போய்ப் பெட்டை மாதிரி மங்கலான உடுப்புக்கு மாறிவிடும், பதுங்கி இருக்க வசதியாக. செப்டம்பரில் வந்து இறங்கும் ஆண்களும் அதே பழுப்பில்தான் இருக்கும். மாப்பிள்ளைக் கோலம் திரும்ப அக்டோபர், நவம்பர் ஆகும். செப்டம்பர் முதல் தேதி சதுப்பில் நாமத்தோடு ஒரு வாத்து மிதந்தால் அது ஆவணி மாதத்தில் பொங்கல் கரும்பு விற்கிற மாதிரி. மற்ற வாத்துகளுக்கு அது வித்தியாசமாகப் படுமா என்று கேட்டேன். “படாமலும் இருக்கலாம். எனக்குப் படுகிறது” என்றார்.

போதாக்குறைக்கு, செப்டம்பர் முதல் வாரத்தில் இங்கே விஜன் அவ்வளவாக இருக்காது என்பதையும் நினைவூட்டினார். அப்போது வருவது கிளுவையும் மலார்டும், வயலில் மேய்ந்துவிட்டுத் திரும்பும் சாம்பல்நிறப் பெருவாத்தும்தான். அப்படியானால் இந்த ஆறும் எதற்கு? பழுப்புப் பெட்டை எந்தக் கூட்டத்துக்கும் பொது மொழி, கிளுவையும் இறங்கும் என்றார். ஆக மூன்று பெட்டைகள் தேறின. நாமம் போட்டதில் ஒன்றைத் தியாகம் செய்து பழுப்படித்தேன். மூன்று பூச்சு அடித்தும், சாய்த்துப் பார்த்தால் நெற்றியில் மஞ்சள் லேசாகத் தெரிகிறது. அதோடு விட்டுவிட்டேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மார்பு வரை வரும் ரப்பர்க் காலாடையில் இடது முழங்காலுக்குக் கீழே எங்கோ ஓட்டை. ஜனவரியில் முள்கம்பி கிழித்தது. ஐந்து டிகிரித் தண்ணீர் சாக்ஸுக்குள் இறங்கும்போது வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஓட்டையைக் கண்டுபிடிக்க வெளிச்சம், தண்ணீர் என்று என்னென்னவோ செய்தேன். கடைசியில் சின்ன வயதில் சைக்கிள் கடையில் பார்த்த வித்தைதான் கைகொடுத்தது. இடுப்புப் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்து, காற்றை வெளியே ஊதும் பக்கமாக வேக்குவம் கிளீனர் குழாயைச் செருகி, ஊதவைத்து, மேலே சோப்பு நுரையைத் தடவினேன். காலாடை ஆள் மாதிரி எழுந்து நின்றது. ஒரு ஓட்டை என்று நினைத்தேன், மூன்று இருந்தன, ஒன்று தையலிலேயே. சுற்றிலும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ரப்பர்ப் பசையை உள்ளும் வெளியும் தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். தையல் ஓட்டைக்கு மட்டும் மேலே ஒரு ஒட்டுத்துணி. திரும்ப நுரை வைத்துப் பார்த்தேன், குமிழி இல்லை.

துப்பாக்கி, பழைய இரட்டைக்குழல், ‘பன்னிரண்டு போர்’ (bore) என்ற குழல் அளவு. பூட்டிய இரும்புப் பெட்டியில் கோடை முழுக்க எண்ணெய் பூசித் தூங்கியது. உப்புக் காற்றுக்கு அதைவிடப் பயந்தது எதுவுமில்லை. அந்தக் காலத்துக் குழலுக்கு வீரியம் கூடிய எஃகுக் குண்டு ஆகாது, பிஸ்மத் என்ற உலோகக் குண்டு போட வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8தான்; பிஸ்மத் பத்துக்குச் சற்றுக் குறைவு. விலையோ எஃகைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு தோட்டாவும் ஒரு நல்ல காபி விலை என்று நினைத்துக்கொண்டால் தூரத்தில் போகிற பறவையைப் பார்த்துச் சும்மா விசையை இழுக்கத் தோன்றாது. அந்த விதத்தில் நல்லதுதான்.

கடைசியாக இடம் பார்த்து வந்தோம். ஆகஸ்ட் நடுவில், வற்றத்தில், துப்பாக்கி இல்லாமல் வெறும் கோலோடு. சதுப்பில் கடல் லாவண்டர் பூத்து முடியும் நேரம், ஊதா வெளுத்துக் கிடந்தது. கோட்டான்கள் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) வடக்கிலிருந்து திரும்பிவிட்டிருந்தன. தூரத்தில் அவற்றின் குரல். அவற்றைச் சுடுவது 1981இன் சட்டத்தோடு நின்றுபோயிற்று. சைபீரியாவிலிருந்து அக்டோபரில் வந்து குவியும் கறுத்த பிரென்ட் வாத்துகளையும் தொடக் கூடாது. இருட்டில் எது எது என்று நிழலை வைத்தே சொல்லத் தெரியாதவன் சதுப்புக்குப் போகவே கூடாது என்பது பெரியவரின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் தண்ணீர். இங்கே ஓதம் முன்னால் இருந்து வருவதில்லை. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அது ஓடைகள் வழியாகச் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் போய் நிரம்பிவிடும். திரும்பிப் பார்த்தால் வந்த வழி இருக்காது. அதனால் திரும்பும் வழியில் நாங்கள் தாண்ட வேண்டிய மூன்று ஓடைகளின் ஆழத்தையும் கோலில் அளந்தோம். என் கோல் ஆஷ் மரம், ஒன்றரை மீட்டர். இந்தக் கோடையில் அதில் ஒரு வெட்டு போட்டிருக்கிறேன். நடு ஓடையில் தண்ணீர் அந்த வெட்டைத் தொடும் முன் கிளம்பிவிட வேண்டும், பறவை மேலே வந்துகொண்டிருந்தாலும். வடக்குக் காற்று பலமாக அடித்தால் அட்டவணையை நம்பக் கூடாது, கணக்கைவிட முன்னதாகவும் உயரமாகவும் ஏறும். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் அப்படி ஏறித்தான் இந்தக் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொண்டுபோனது. பெரியவர் அப்போது கைக்குழந்தை. அவர் வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும்.

இந்த முதல் தேதிக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு. பிளாக்வாட்டரில் அமாவாசை, பௌர்ணமி ஓதம் என்றால் உச்சம் எப்போதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். விடியலில் வற்றிக் கிடக்கும். அஷ்டமி வாக்கில் அது தலைகீழ்: விடிந்து கொஞ்ச நேரத்தில் நீர் உச்சம், ஆனால் சின்ன ஓதம், சதுப்பின் தலையை மூடாது. செப்டம்பர் 1 நவமியில் வருகிறது. ஓடை வாயில் பார்வை வாத்து மிதக்கத் தேவையான தண்ணீர் சரியாக வெளிச்சம் வரும் நேரத்தில் இருக்கும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். அவள் கணக்கில் இது நல்ல காரியமே இல்லை என்பதால் பாதகமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை. அலுவலகத்தில் லீவு சொல்லியாகிவிட்டது. காரணம் ‘சொந்த வேலை’.

மிச்சம் இருப்பது கயிறு. ஒவ்வொரு வாத்துக்கும் இரண்டரை மீட்டர் தார்க்கயிறு, நுனியில் கனம். போன வருட முடிச்சு அவிழ்ந்த பாவத்துக்கு இந்தத் தடவை முடிச்சோடு நிறுத்தாமல் நூலால் சுற்றித் தைக்கிறேன். அடிக்கட்டையில் ஒவ்வொன்றிலும் என் தொலைபேசி எண்ணைச் சூட்டுக்கோலால் எழுதியிருக்கிறேன். யார் கரையிலாவது ஒதுங்கினால் கூப்பிடட்டும். நாலு பெட்டைகளும் சாக்குப் பையில் ஏறிவிட்டன. நாமக்காரர்கள் இரண்டு பேரும் கொட்டகைச் சன்னலில் வெளியே பார்த்தபடி நவம்பருக்குக் காத்திருக்கிறார்கள். பையின் தோள்வாரில் இன்னும் எட்டுத் தையல் பாக்கி. கோணி ஊசி இன்று மாலை முறிந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.